பாட்டில்லாத நாள்

வானொலி அறிவிப்பாளர்களுக்குப் பாட்டு ஏன் பிடிக்கும் தெரியுமா? ரசனையெல்லாம் ஒன்றும் இல்லை. பாட்டு என்றால் எங்களுக்குப் பாத்ரூம் நேரம். நாலரை நிமிடப் பாட்டு ஒன்றைத் தட்டிவிட்டு ஓடினால், போன காரியத்தை முடித்து, முகத்தில் தண்ணீர் அடித்து, வீட்டுக்குப் போன் போட்டு "கேஸை மூடினியா?" என்று மகளை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, கடைசிச் சரணம் முடிவதற்குள் நாற்காலிக்கு வந்துவிடலாம். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் காலம் தள்ளியிருக்கிறேன்.

அதனால் வருடத்துக்கு ஒருமுறை வரும் பேச்சு நாள் என்றாலே எங்களுக்கு ஆகாது. எங்கள் பொது வானொலி பிறந்த தேதியில், காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை ஒரு பாட்டு கிடையாது. டாக்டர் போனால் வக்கீல், வக்கீல் போனால் வாத்தியார், வாத்தியார் போனால் பல் டாக்டர். அத்தனையும் நேரலை. மணிக்கு மணி வரும் ஐந்து நிமிடச் செய்தி ஒன்றுதான் மூச்சு விடும் இடம். மொபைலை ஸ்டுடியோ வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் அதன் இரைச்சல் மைக்கில் ஏறிவிடும். அடுத்த ஆள் வந்து உட்காராமல் இருக்கிற ஆள் எழுந்திருக்கக் கூடாது. நேயர்களுக்கு இந்த நாள் ரொம்பப் பிடிக்கிறதாம், கடிதம் எழுதுகிறார்கள். அவர்களுக்கென்ன, நினைத்தால் எழுந்து போகலாம்.

இந்த வருடம் பேச்சு நாள் வியாழக்கிழமை வந்தது. எனக்குக் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை என்று போட்டிருந்தார்கள். சரி, தலையெழுத்து என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது.

"நான்தான்" என்றது குரல்.

பத்து வருடம் ஆகியிருந்தும் யாரென்று கேட்கத் தோன்றவில்லை. அக்கா.

"வியாழக்கிழமை உங்க ஊர் வழியாப் போறேன். ரெண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல இறங்குவேன். நாலு மணி பஸ்ல கிளம்புவேன். மகன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், அவன்கிட்டயே போயிடப் போறேன். கடல் தாண்டிப் போறது, இனிமே திரும்பி வர்றதா இல்லை. வீட்டையும் கொடுத்தாச்சு." பிறகு சொன்னாள், "வரணும்னு இருந்தா வா. வந்தே ஆகணும்னு இல்லை."

"வர்றேன்க்கா. எப்படியாவது வர்றேன்."

"எப்படியாவதா? சரி." சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா, தெரியவில்லை. "இது பக்கத்து வீட்டுப் பொண்ணோட போன். என்கிட்ட போன் கிடையாது. திரும்பக் கூப்பிடாதே."

அக்காவுக்கும் எனக்கும் நடந்தது சண்டைகூட இல்லை. சண்டையாக இருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கும். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று வருடமும் அவள்தான் பார்த்தாள். நான் மாதம் ஒரு நாள் பழம் வாங்கிக்கொண்டு போய், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவின் தலைமாட்டில் ஒரு ரேடியோ இருந்தது. என் குரல் கேட்டால் இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார் என்று அக்கா அதை அணைக்கவே மாட்டாள். அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிய காலையில் அவள் நிலையத்துக்குப் போன் செய்திருக்கிறாள். நான் அப்போது மைக்கில் இருந்தேன். நேயர்கள் போனில் ஜோக் சொல்வார்கள், நான் சிரிக்க வேண்டும், அதுதான் நிகழ்ச்சி. மைக்கில் இருப்பவரிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் நிலையத்தில் எழுதாத சட்டம். ஐம்பது நிமிடம் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐம்பது நிமிடமும் நான் சிரித்தேன். அப்பா போகும்போது அந்த அறையில் என் சிரிப்புச் சத்தம்தான் இருந்தது.

எனக்குத் தெரியாதுக்கா என்று அவள் கையைப் பிடித்து அழுதேன். "பத்து மணிக்கே சொல்லிட்டேன்டி" என்று கையை உருவிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது என்று ஒரே ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவள் நம்ப வேண்டும். பத்து வருடமாக எனக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. அதற்கு மிச்சம் இருந்தது இந்த வியாழக்கிழமையில் இரண்டு மணி நேரம்.

நிலைய இயக்குநருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சைலன்ஸ். வராந்தாவில் யாராவது கிசுகிசுத்தால்கூட "சைலன்ஸ்!" என்று கட்டடமே அதிரக் கத்துவார். அவர் முன்னால் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"பேச்சு நாள்லயா? அதுவும் நீங்களா?" என்றார். "அன்னிக்கு மேலிடத்துலேர்ந்து நாலு பேர் வர்றாங்க. உங்க நிகழ்ச்சியைத்தாம்மா நான் பெருமையாக் காட்டப்போறேன். யாராவது செத்தா ஒழிய லீவு கிடையாது."

"யாரும் சாகலை சார். ஊரை விட்டுப் போறாங்க."

"போறவங்க போன் பண்ணுவாங்க" என்று பைலைத் திறந்துவிட்டார். இவருக்குப் பேச்சு நாள் நடத்தத் தெரிகிறது, பேச்சைக் கேட்கத்தான் தெரியவில்லை.

வழி சொன்னவர் ஃப்யூஸ் அண்ணன். கண்ட்ரோல் ரூம் இன்ஜினியர். எது கெட்டாலும், அவர் மனைவிக்குக் காய்ச்சல் வந்தால்கூட, "ஃப்யூஸ் போயிருக்கும்" என்பார். ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம்.

"மூணு மணி நிகழ்ச்சியைப் புதன்கிழமையே பிடிச்சு வச்சிடலாம்மா. நேரலை மாதிரியே பேசு. நான் ஓட்டிடறேன். மூணு மணிச் செய்தி ஆரம்பிச்சதும் நீ கிளம்பு, நாலு மணிச் செய்திக்குள்ள வந்துடு. மத்தியானத்துல இந்தப் பக்கம் யாரு எட்டிப் பார்க்கப்போறா?"

"மாட்டினா?"

"மாட்டினா உனக்கு மெமோ. எனக்கு வீட்டுக்கு வழி." பிறகு சிரித்தார். "மாட்ட மாட்டோம். அக்கா இல்லையா? போய்ட்டு வா."

மூன்று மணி நிகழ்ச்சியின் பெயர் 'வீட்டுக் குழாயும் நீங்களும்'. நேயர்களின் கடிதங்களை நான் படிப்பேன், குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் பதில் சொல்வார். போன் அழைப்புகள் கிடையாது, அதனால் பொய் சொல்ல வசதி. இப்போதெல்லாம் கணினியில்தான் பதிகிறோம், இருந்தாலும் எங்கள் வாய்க்கு அது டேப்புதான். புதன்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து டேப் பிடித்தோம்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்பவள் இல்லை. பொய்தான் என்றாலும் அதற்கு ஒரு மெருகு வேண்டாமா? வியாழக்கிழமை வெயிலைப் பற்றி இரண்டு வரி சேர்த்தேன். நடுநடுவே நேரம் சொன்னேன். குழாய்க்காரரின் ஸ்பேனரை நானே மேசையிலிருந்து தள்ளிவிட்டு, "பயப்படாதீங்க நேயர்களே, ஸ்பேனர்தான். நேரலைன்னா இப்படித்தான்" என்று சிரித்தேன். ஃப்யூஸ் அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டை விரலைத் தூக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏம்மா, நாளைக்கு வெயில் அடிக்குதுன்னு இன்னிக்கே சொல்றீங்களே, மழை பெஞ்சா?" என்றார் குழாய்க்காரர்.

"குழாய்க்காரருக்கு மழையில என்ன கவலை?" என்று அவர் வாயை அடைத்தேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு உள்ளே போனேன். எங்கள் ஸ்டுடியோவுக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்திருக்கும். கதவு மெத்தை மாதிரி கனமாக வந்து மூடிக்கொள்ளும். மூடியதும் காதுக்குள் அடைத்துக்கொள்ளும். ஏசியை ஏற்றவோ இறக்கவோ முடியாது, அது எங்கோ கூரைக்கு மேலே யாருடைய இஷ்டத்துக்கோ ஓடுகிறது. எதிரே கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே சிவப்பு முள் சுற்றும் கடிகாரம். சர்க்கரை நோய் டாக்டர் வந்தார், போனார். தேர்வு பயம் பற்றிப் பேச வந்த வாத்தியார் பயந்துபோய் ஒரு ஜாடித் தண்ணீரைக் குடித்தார். நான் எல்லோரிடமும் "ரொம்ப நல்ல விஷயம் சொன்னீங்க" என்றேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டால் ஒரு வார்த்தை தெரியாது.

இரண்டு மணிக்கு வக்கீல். இரண்டு வீட்டுக்குப் பொதுவான சுவரில் யார் ஆணி அடிக்கலாம் என்பதை விளக்கினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அக்கா இறங்கியிருப்பாள். பஸ் ஸ்டாண்டு எங்கள் நிலையத்திலிருந்து டாக்ஸியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அவள் பன்னிரண்டு நிமிடத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நான் ஆணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. "அப்போ ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடணும்" என்று என் வாய் அழகாகச் சொன்னது. இந்த வாய்க்கு வெட்கமே கிடையாது.

மூன்று மணி. செய்தி தொடங்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். வாசல் பெட்டியில் மொபைலை அப்படியே விட்டேன். அது அங்கே இருந்தால்தான் நான் உள்ளே இருப்பதாக அர்த்தம். வராந்தாவில் பாதி தூரம் போயிருப்பேன், மாடிப்படியில் சைலன்ஸின் குரல் கேட்டது. கூடவே நாலைந்து ஜோடி பூட்ஸ். பக்கத்தில் இருந்த ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து மூடிக்கொண்டேன்.

உடைந்த நாற்காலிகள், துருப்பிடித்த மைக் ஸ்டாண்டுகள், அட்டைப்பெட்டிகள். நிற்க ஒரு ஆள் இடம். எங்கள் கட்டடத்தில் எல்லா அறையிலும் சுவரில் உயரத்தில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும், நாள் பூராவும் எங்கள் வானொலியே அதில் ஓடும், அதற்கு ஸ்விட்ச் கிடையாது. இங்கேயும் இருந்தது. மூன்று ஐந்துக்கு அதிலிருந்து நான் வந்தேன். "வணக்கம் நேயர்களே! வெளியே என்ன வெயில் பார்த்தீங்களா?"

சைலன்ஸ் போய்விடுவார் என்று பார்த்தேன். அவரோ சரியாக ஸ்டோர் ரூம் வாசலில் நின்றுகொண்டு நிலையத்தின் சரித்திரத்தை முதல் செங்கல்லிலிருந்து ஆரம்பித்தார். "இதோ, இப்ப பேசறாங்களே, இவங்கதான் எங்க சீனியர். நேரலைன்னா இப்படி இருக்கணும் சார். கேளுங்க" என்றார். அவர்களும் கேட்டார்கள். நானும் கேட்டேன். வேறு வழி?

தலைக்கு மேலே ஸ்பேனர் விழுந்தது. நான் சிரித்தேன். பிறகு என் குரல் குழைந்து, நேயர்களிடம் செல்லமாகச் சொன்னது: "இப்போ நேரம் மூணு மணி பதினேழு நிமிஷம். அடுத்து நாலு மணிக்கும் நான்தான். அஞ்சு மணி வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு அசையறதா இல்லை. நீங்களும் எங்கேயும் போயிடாதீங்க!"

அப்போதுதான் உறைத்தது. பஸ் ஸ்டாண்டுக் கூடத்தில் எங்கள் வானொலிதான் ஓடும். பத்துத் தடவையாவது அந்தக் கூடத்தில் உட்கார்ந்து என் சக அறிவிப்பாளர்களின் தப்பை எல்லாம் எண்ணியிருக்கிறேன். எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் டேப் பிடிக்கும்போது ஒரு நொடிகூட அந்த நினைப்பு வரவில்லை. நேயர் என்றால் எங்களுக்கு யாரோ. நம் வீட்டு ஆள் ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பாள் என்று எங்களுக்குத் தோன்றுவதே இல்லை. இத்தனை மெருகும் யாரை ஏமாற்ற? சைலன்ஸை ஏமாற்றத்தான். ஆனால் அக்காவின் காதும் ஊர்க் காதுதானே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது ஒரு தடவை கத்திக் கெட்டது, நான் டேப் போட்டுக் கத்தியிருக்கிறேன்.

சுவரில் உள்தொடர்புப் போன் இருந்தது. எடுத்துக் கண்ட்ரோல் ரூமை அழைத்தேன்.

"அண்ணே, டேப்பை நிறுத்துங்க."

"எங்கேம்மா இருக்கே?"

"ஸ்டோர் ரூம்ல. வெளியே சைலன்ஸ் நிக்கறார். அண்ணே, இது நேரலை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அக்கா கேட்டுட்டு இருப்பா. நான் வரலைன்னு நினைச்சுடுவா."

"நிறுத்தினா யாரும்மா பேசறது? குழாய்க்காரர்கூட இங்கே இல்லையே" என்றார். அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில், "பதினோரு மாசம்மா."

போனை வைத்துவிட்டேன். அவரைச் சொல்லி என்ன? இருதலைக் கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறேன், அந்த எறும்புக்குத் தலைக்கு மேல் தன் குரலே ஓடிக்கொண்டிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மேலே நான் வாஷரைப் பற்றிக் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தேன்.

"முதல்ல டீ சாப்பிடலாம் சார். நாலு மணிக்கு கண்ட்ரோல் ரூமுக்குப் போய் நேரலையை நேரிலேயே பார்க்கலாம்" என்று கடைசியில் சைலன்ஸ் சொன்னார். பூட்ஸ்கள் நகர்ந்தன. மூன்று இருபத்தெட்டு.

பின்வாசல் வழியாக ஓடி ஒரு டாக்ஸியைப் பிடித்து, குரலை மாற்றிக்கொண்டு "பஸ் ஸ்டாண்டு" என்றேன். போய்ச் சேர்ந்தபோது மூன்று நாற்பத்தொன்று. நாலு மணி பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இல்லை. கூடத்தில் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தேன். பத்து வருடத்தில் தலை நரைத்திருக்கும், இளைத்திருப்பாள் என்று நரைத்த தலையையெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரு அம்மா பயந்துபோய்ப் பையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மூலையில் டீ விற்கும் பெண் ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன்.

"ரெண்டு மணிக்கு வந்த அம்மாவா? நீலப் பை? கால் மணி நேரம் முன்னாடிதான் போனாங்க. மூணரை பஸ்ல."

"நாலு மணி பஸ்தானே போகணும்?"

"அதுக்குத்தான் உட்கார்ந்திருந்தாங்க, வாசலையே பார்த்துக்கிட்டு. தங்கச்சி வரும்னு சொன்னாங்க. ரெண்டு டீ வாங்கி ஒண்ணை மூடி வைக்கச் சொன்னாங்கன்னா பாருங்களேன். அப்புறம் இந்த அம்மா நிகழ்ச்சி வந்துச்சா, சத்தமா வைம்மான்னாங்க. வச்சேன். அஞ்சு மணி வரைக்கும் அசைய மாட்டேன்னு இது சொல்லுச்சு பாருங்க, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டுப் பையை எடுத்துக்கிட்டாங்க."

"கோவமாப் போனாங்களா?"

"கோவமா? இல்லையே." டம்ளரைக் கவிழ்த்தாள். "'குரல் அப்படியே நல்லாயிருக்கு'ன்னாங்க. 'பாவம், அவளால எங்கேயும் போக முடியாது, அன்னிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நான்தான் புரிஞ்சுக்கலை'ன்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கலை."

எனக்கு விளங்கியது. பத்து வருடமாக எதை அவள் நம்ப வேண்டும் என்று தவம் கிடந்தேனோ, அதை நம்பிவிட்டாள். நம்பியதால்தான் போய்விட்டாள்.

"ஏதாவது சொல்லச் சொன்னாங்களா? யாராவது தேடி வந்தா..."

அவள் என்னைப் பார்த்தாள், ரேடியோவைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். ரேடியோவில் நான் குழாய்க்காரருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். "யாரும் வரமாட்டாங்கன்னுதானேம்மா போனாங்க" என்றாள். "யாருக்குன்னு சொல்லச் சொல்வாங்க?"

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது நாலு மணிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சைலன்ஸும் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பார்வையில் நான் காலையிலிருந்து அசையவே இல்லை. அக்கா போகும் பஸ்ஸில் ரேடியோ இருக்கலாம். மைக் திறந்ததும் ஒரே ஒரு வரி சொன்னால் போதும், அது டேப்புக்கா, நான் வந்தேன் என்று. எனக்கு மெமோ கொடுத்தால் கொடுக்கட்டும். ஆனால் ஃப்யூஸ் அண்ணன் அந்த நாலு பேருக்கும் நடுவில் நரைத்த தலையோடு நின்றுகொண்டிருந்தார்.

மைக்கைச் சரி பண்ணுகிற சாக்கில் அவர் உள்ளே வந்தார். குனிந்து, உதடு அசையாமல் கேட்டார். "பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்ணே."

"என்ன சொன்னாங்க?"

"குரல் நல்லாயிருக்குன்னு சொன்னா."

அவர் முகம் மலர்ந்துபோனது. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். கதவு வந்து மூடிக்கொண்டது, காது அடைத்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. "வணக்கம் நேயர்களே" என்றேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், குரல் கொஞ்சம்கூட உடையவில்லை.